உப்பலவண்ணா தேரி: வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது எந்த நூலுக்கு எவ்வளவு எடை?

ஆம்பல்:
புத்தர் காலத்து மூத்த பிக்குணியான உப்பலவண்ணா தேரி பற்றிப் பொது வாசகருக்கான அறிமுகக் கட்டுரை ஒன்று தயாராகிறது. கிடைக்கிற குறிப்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓரிடத்தில் அவர் சாவத்தி நகரத்துச் செட்டியின் மகள், மணமாகாமலே துறவு பூண்டவர். இன்னோரிடத்தில் தட்சசீலத்துப் பெண். கணவனுக்கும் தன் தாய்க்கும் இருந்த உறவை அறிந்து வீட்டை விட்டு ஓடியவர், பிறகு கணிகை. புத்தருக்கு எதிராகச் சங்கத்தைப் பிளந்த தேவதத்தன் அவரை அடித்துக் கொன்றான் என்றும் படித்தேன். பாலி மொழி நூல்களில் அது அகப்படவில்லை. எதை வைப்பது, எதைத் தள்ளுவது? சாவத்தி அருகே அந்தவனம் என்ற காட்டில் அவருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் வன்கொடுமையை எப்படி எழுதுவது என்பதும் கேள்வி.

ஏட்டுமூலை:
எதையும் தள்ள வேண்டாம், கலக்காமல் இருந்தால் போதும். உப்பலவண்ணா பற்றிய செய்திகள் நான்கு அடுக்காகக் கிடக்கின்றன.

அடியில் இருப்பது நிகாயங்கள், அதாவது புத்தரின் உரைத் தொகுப்புகள். அங்குத்தர நிகாயம் ஒன்றின் தொகுதியில் 13 பிக்குணிகள் ஆளுக்கொரு துறையில் முதன்மையானவர் என்று சொல்லப்படுகிறார்கள். கேமா பேரறிவில், உப்பலவண்ணா இருத்தி எனும் இயல்புக்கு மீறிய ஆற்றலில், படாசாரா விநயத்தில், தம்மதின்னா அறம் உரைப்பதில். அதே நிகாயத்தின் நான்கின் தொகுதியில், பிக்குணி ஒருத்தி யாரைப் போல ஆக விரும்ப வேண்டும் என்றால் கேமாவையும் உப்பலவண்ணாவையும் போல, அவர்களே துலாக்கோல், அவர்களே அளவு என்று வருகிறது. சம்யுத்த நிகாயம் 17.24இல் ஒரு தாய் தன் ஒரே மகளிடம், இல்லறத்தில் இருந்தால் உபாசிகை குஜ்ஜுத்தரா போல இரு, துறவு பூண்டால் இந்த இருவரைப் போல இரு என்று சொல்வதாக உள்ளது. சம்யுத்தம் 5.5 துறவியரைக் கலைக்க வரும் மாரனோடு நடந்த உரையாடல். நிகாய உரைநடையில் அவரைப் பற்றி இருப்பதில் முக்கியமானவை இவ்வளவுதான். பெற்றோர், பிறந்த ஊர், துறவின் காரணம் எதுவும் கிடையாது.

இரண்டாவது அடுக்கு விநயம், அதாவது சங்க ஒழுக்க விதிகளும் அவை பிறந்த கதைகளும். ஆளை நேரில் பார்ப்பது போன்ற செய்திகள் இங்கேதான். மூன்றாவது பிக்குணிகளின் பாட்டுத் தொகுப்பான தேரிகாதையும் முற்பிறப்புக் கதைகளான அபதானமும். நான்காவது அட்டகதைகள், பிற்கால உரைநூல்கள். சாவத்திச் செட்டியின் மகள், நீல ஆம்பலின் உள்ளிதழ் போன்ற மேனி, அரசர்களும் வணிகர்களும் பெண் கேட்டு ஆள் அனுப்பியது, யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் பகை என்று திகைத்த தந்தை "துறவு பூணுகிறாயா அம்மா" என்று கேட்டது, எல்லாம் இந்த நான்காவது அடுக்கு. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை முதல் அடுக்குக்கு நகர்த்திவிடுவதுதான் பெரும்பாலான கட்டுரைகளில் நடக்கிற பிழை.

தட்சசீலம், கணிகை ஆகியவை மூலசர்வாஸ்திவாதம் என்ற வடமரபுப் பௌத்தப் பிரிவின் விநயத்தில் வருகிற உத்பலவர்ணா (அவர் பெயரின் வடமொழி வடிவம்) கதை. அதைத் தனிப் பத்தியாக, "வடமரபில்" என்ற முகப்போடு வையுங்கள்.

கரிசல்வெளி:
அப்படி முழுக்கப் பிரித்துவிட முடியுமா? தேரிகாதையிலேயே "தாயும் மகளும் நாங்கள் இருவரும் சக்களத்திகள்" என்று உப்பலவண்ணா பெயரில் பாட்டு இருக்கிறதே. வடமரபுக் கதைக்கு அதுதானே வித்து?

ஏட்டுமூலை:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்தப் பகுதியில் பாட்டுகள் 12, எண் 224 முதல் 235 வரை. அது ஒரே மூச்சில் பாடிய பாட்டு அல்ல என்பது உடைத்துப் பார்த்தால் தெரியும்.

224–226 தாயும் மகளும் ஒருவனுக்கே வாழ்க்கைப்பட்ட அருவருப்பும், அதனால் வந்த துறவும். 227–228 முற்பிறப்பு அறிதல், தெய்வக்கண், பிறர் மனம் அறிதல், தெய்வச்செவி, இருத்தி, ஆசவங்கள் எனும் மன மாசுகளின் அழிவு என்று ஆறு அபிஞ்ஞைகளின் (மேலறிவுகளின்) பட்டியல். 229 நான்கு குதிரை பூட்டிய தேரை இருத்தியால் படைத்து வந்து புத்தரின் அடி வணங்கியது. 230–233 மாரன் உரையாடல், சம்யுத்தம் 5.5இல் இருப்பதேதான். 234–235 "புலனின்பங்கள் வேலும் ஈட்டியும் போன்றவை" என்று தொடங்குகிற இரண்டு பாட்டு. இதே இரண்டும் சேலா தேரியிடம் 58–59 ஆகவும், கேமாவிடம் 141–142 ஆகவும் வருகின்றன. போதாததற்குச் சம்யுத்தம் 5.1இல் ஆளவிகாவின் வாயிலும் "வேலும் ஈட்டியும்" பாட்டு உண்டு. ஆக அது எல்லோருக்கும் பொதுவான முடிப்பு.

முதல் மூன்று பாட்டைத் தேரிகாதை உரையாசிரியர் தம்மபாலரின் அட்டகதையே உப்பலவண்ணாவின் சொந்தக் கதை என்று ஏற்கவில்லை. அது கங்காதீரியர் என்ற பிக்குவின் தாய்க்கு நேர்ந்தது, அந்தப் பெண் பாடியதை உப்பலவண்ணா எடுத்துச் சொன்னார் என்கிறது. கருவுற்ற மருமகளைச் சந்தேகித்து மாமியார் விரட்டுகிறாள். ராஜகிருகம் போகும் வழியில் பிறந்த மகனை ஒரு வணிகத் தலைவன் எடுத்துச் சென்றுவிடுகிறான். அவளைத் திருடர் தலைவன் கொண்டுபோக, அங்கே ஒரு மகள். சண்டையில் குழந்தையின் தலையில் காயம். தாய் தப்பி ஓடிக் கணிகை ஆகிறாள். வளர்ந்த மகன் அறியாமலே தாயையும் தங்கையையும் மனைவியராக்கிக்கொள்கிறான். தலைத் தழும்பைப் பார்த்துத்தான் உண்மை வெளியாகிறது.

வடமரபு இதே வகைக் கதையை உத்பலவர்ணாவின் சொந்த வாழ்க்கையாகவே கொண்டது. பாலி நூல்களின் தென்மரபு பாட்டை வைத்துக்கொண்டு கதையை வேறொருத்திக்குக் கொடுத்தது. எது முந்தியது என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. என் கணிப்பு, பாட்டு முந்தியது, அதை விளக்கப் பிறந்தவையே இரண்டு கதையும்.

தெற்குவாசல்:
ஒரு பக்கக் குறிப்பு. இந்த வாழ்க்கைக் கதைகள் நமக்கு வந்த வழியில் தமிழகமும் இருக்கிறது. அங்குத்தர அட்டகதையின் முடிவுரையில் புத்தகோசர், காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தம்மோடு தங்கியிருந்த ஜோதிபாலர் கேட்டுக்கொண்டதால் எழுதியதாகச் சொல்கிறார். தேரிகாதைக்கு உரை எழுதிய தம்மபாலர் பதரதித்த விகாரையைச் சேர்ந்தவர். அது சிங்களத் தீவுக்கு அருகே தமிழ நாட்டில் இருந்தது என்று சாசனவம்சம் கூறுகிறது. அறிமுகக் கட்டுரையில் ஒரு வரி தாங்கும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். குண்டலகேசியோடு முடிச்சுப் போடவும் கூடாது. பத்தா குண்டலகேசா அதே 13 பேர் பட்டியலில் விரைந்து உணர்வதில் முதன்மையானவர். தமிழ்க் காப்பியத்தில் தப்பிப் பிழைத்த 19 பாட்டும் அவர் பெயரால் அமைந்த நூலுடையவை. உப்பலவண்ணாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆம்பல்:
நன்றி. அந்தவன நிகழ்ச்சி?

விநயப்பொதி:
இதில் மூன்று தனித்தனி இடங்களை ஒன்றாகத் தைத்துவிடுகிறார்கள். பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, விநயத்தில் பாராஜிகப் பகுதியின் (சங்கத்தை விட்டே நீக்கும் குற்றங்கள்) முதல் விதிக்குக் கீழ் வருகிற வழக்குத் தொகுப்பு. சாவத்தியில் ஒரு மாணவகன் (இளைஞன்) உப்பலவண்ணா மீது மோகம் கொண்டிருந்தான். அவர் ஊருக்குள் பிச்சைக்குப் போனபோது குடிசைக்குள் புகுந்து ஒளிந்துகொண்டான். அவர் உணவு முடித்துத் திரும்பி, கால் கழுவி, உள்ளே வந்து கட்டிலில் அமர்ந்ததும் பிடித்து வன்கொடுமை செய்தான். அவர் பிக்குணிகளிடம் சொன்னார், அவர்கள் பிக்குகளிடம், பிக்குகள் புத்தரிடம். தீர்ப்பு ஒரே வரி: உடன்படாதவளுக்குக் குற்றமில்லை. அவ்வளவே. அந்தவனம் என்ற பெயர் இங்கே இல்லை, அவனுடைய பெயரும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாவது, தம்மபத அட்டகதையில் 69ஆம் பாட்டின் கதை. இங்கேதான் இடம் அந்தவனம் ஆகிறது. அவன் நந்தன், தாய்மாமன் மகன், இல்லறத்தில் இருந்த காலத்திலிருந்தே ஆசைப்பட்டவன் என்றாகிறது. வெயிலிலிருந்து வந்ததால் கண் இருட்டியது, அதனால் அவர் அவனைக் காணவில்லை என்ற விவரமும் இங்கே. பூமி பிளந்து அவனை விழுங்கியதும் இங்கேதான். ஆசவம் அற்றவர்களுக்கும் இன்பம் தோன்றாதா என்று பிக்குகள் பேசிக்கொள்ள, தாமரை இலையில் நீர், ஊசி முனையில் கடுகு என்ற 401ஆம் பாட்டு விடையாக வருகிறது. பிறகு பசேனதி மன்னன் நகரத்துக்குள் பிக்குணிகளுக்கு உறையுள் கட்டிக் கொடுத்தான், அது முதல் அவர்கள் ஊருக்குள்ளேயே வாழ்கிறார்கள் என்று கதை முடிகிறது.

மூன்றாவது, விநய நூலான சுள்ளவக்கத்தின் பத்தாம் பகுதி. பிக்குணிகள் காட்டில் தங்கினார்கள், கயவர்கள் அவர்களைக் கெடுத்தார்கள், ஆகவே பிக்குணி காட்டில் தங்கலாகாது, தங்கினால் துக்கடம் எனும் சிறு குற்றம். இதில் உப்பலவண்ணாவின் பெயர் இல்லவே இல்லை. "உப்பலவண்ணாவுக்கு நேர்ந்ததால்தான் காட்டுத் தடை விதி வந்தது" என்று பலரும் எழுதுவது அட்டகதையின் கடைசி வரியையும் இந்த விதியையும் ஒட்டவைத்ததால் வந்தது.

கட்டுரையில் விநயத் தீர்ப்பை முதலில் எழுதுங்கள். பூமி பிளந்த கதையை முன்னே போட்டால் வாசகர் நினைவில் அதுதான் தங்கும். அவர் தாமே சொன்னார், சங்கம் கேட்டது, அவர் மேல் குற்றம் சுமத்தவில்லை என்ற செய்தி அடிபட்டுப் போகும். "கற்பிழந்தார்", "களங்கம் நேர்ந்தது" போன்ற நம்மூர்ப் பத்திரிகை நடையும் வேண்டாம். மூல நூலில் அந்தக் கருத்து கிடையாது.

கரிசல்வெளி:
ஆனால் மாரன் உரையாடலில் கயவர் பற்றிய பேச்சு வருகிறதே. பூத்த சால மரத்தடியில் தனியே நிற்கிறாய், உன் நிறத்துக்கு நிகர் இல்லை, கயவருக்கு அஞ்சவில்லையா என்கிறான் மாரன். உன்னைப் போன்ற கயவர் நூறாயிரம் பேர் வந்தாலும் ஒரு மயிர்கூட அசையாது என்கிறார் அவர். அதை வன்கொடுமைக்குப் பின் பாடியதாகக் கொள்ளலாமா?

விநயப்பொதி:
கொள்ள முடியாது. எது முன், எது பின் என்று நூல் சொல்லவில்லை. பகல் தியானத்துக்கு அந்தவனம் போவது பிக்குணி சம்யுத்தத்தின் பத்து சூத்திரங்களுக்கும் பொதுவான சட்டகம். அது அங்கேயே குடியிருந்ததற்குச் சான்று ஆகாது. "உன் வயிற்றுக்குள் புகுவேன், உன் இமைகளுக்கு நடுவே நிற்பேன், நீ என்னைக் காணமாட்டாய்" என்று அவர் தொடர்வது மட்டும் மற்ற பிக்குணிகளின் விடைகளிலிருந்து வேறுபடுகிறது. இருத்தியில் முதன்மை என்ற பட்டத்துக்கு நிகாயத்துக்குள்ளேயே கிடைக்கிற நேரடிச் சான்று அது.

அந்தவனத்தோடு சேர்ந்த இன்னொரு விநய நிகழ்ச்சியை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் அவரைக் காட்டுகிற சிறந்த இடம். நிஸ்ஸக்கியப் பகுதி (பொருளை விட்டுக்கொடுக்க வேண்டிய குற்றங்கள்), சீவர வர்க்கம் (ஆடை பற்றிய விதிகள்), ஐந்தாம் விதி.

புத்தர் ராஜகிருகத்து வேணுவனத்தில். உப்பலவண்ணா சாவத்தியில். பிச்சை முடித்து அந்தவனத்துக்குப் பகல் தியானத்துக்குப் போகிறார். மாட்டைக் கொன்று இறைச்சியோடு திருடர் கூட்டம் அங்கே வருகிறது. தலைவன் அவரைப் பார்த்துவிட்டு, நம் பையன்கள் கண்டால் தொல்லை கொடுப்பார்கள் என்று வேறு வழியாகக் கூட்டத்தைத் திருப்புகிறான். பிறகு வெந்த இறைச்சியில் நல்லதை இலையில் பொதிந்து, பக்கத்து மரத்தில் தொங்கவிட்டு, "எந்தச் சமணரோ பிராமணரோ இதைக் காண்கிறாரோ அவருக்கே இது கொடுக்கப்பட்டது, எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். இந்த வாக்கியம் அலங்காரத்துக்கு வரவில்லை. கொடுக்காததை எடுத்தால் துறவே போகும். சமாதியிலிருந்து எழுந்த அவர் காதில் அந்தச் சொல் விழுந்ததால்தான் எடுக்கிறார். உறையுளுக்குக் கொண்டுபோய், விடிந்ததும் பக்குவப்படுத்தி, மேலாடையில் முடிந்து, வான்வழி எழுந்து வேணுவனத்தில் இறங்குகிறார். அட்டகதைக் கணக்கில் இரண்டு ஊருக்கும் இடையே 45 யோசனை (பழைய தொலைவு அளவு).

புத்தர் பிச்சைக்குப் போயிருக்கிறார். காவலுக்கு இருந்தவர் உதாயி. இறைச்சியைக் கொடுத்து, புத்தருக்குத் தரச் சொல்கிறார். உதாயி, "நீ இறைச்சியால் பகவானை நிறைவித்தாய், உன் உள்ளாடையைக் கொடுத்து என்னையும் நிறைவி" என்கிறார். "பெண்களாகிய எங்களுக்குக் கிடைப்பது அரிது. இது என் ஐந்தாவது, கடைசி ஆடை. தரமாட்டேன்" என்பது விடை. ஆனை கொடுத்தவன் கச்சையையும் சேர்த்துக் கொடுப்பது போல என்று உதாயி மேலும் நெருக்க, கொடுத்துவிட்டு உறையுள் திரும்புகிறார். அங்கே பிக்குணிகள் பார்த்துக் கேட்க, விஷயம் வெளியே வருகிறது.

அந்த "ஐந்தாவது" என்பதற்குக் கணக்கு உண்டு. பிக்குவுக்கு ஆடை மூன்று: இரட்டை மடிப்பு மேற்போர்வை, மேலாடை, உள்ளாடை. பிக்குணிக்கு அவற்றோடு மார்புக்கச்சும் குளியலாடையும் சேர்ந்து ஐந்து. ஒன்று போனாலும் மாற்று இல்லை.

விதி: உறவினர் அல்லாத பிக்குணியின் கையிலிருந்து பிக்கு ஆடை பெறக்கூடாது, பெற்றால் ஆடையை விட்டுக்கொடுத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உறவு என்பது தாய்வழி, தந்தைவழி ஏழு தலைமுறை வரை. இதற்குப் பயந்து பிக்குகள் மாற்றிக்கொள்ளும் ஆடையைக்கூட வாங்க மறுக்க, பிக்குணிகள் முறையிட்டார்கள். பதிலுக்குப் பதில் கொடுத்து மாற்றலாம் என்று விதி திருத்தப்பட்டது. குற்றம் பெறுகிற பிக்குவுக்கு, கொடுக்கிற பிக்குணிக்கு அல்ல. இதைத் தலைகீழாக எழுதியிருக்கும் கட்டுரைகள் உண்டு.

பாலிமாணவர்:
உள்ளாடை நிகழ்ச்சி நல்ல தேர்வு. நிகாயத்தில் அவர் பெயரில் அறவுரை ஒன்றும் இல்லாத குறையை விநயம்தான் ஈடுகட்டுகிறது. கேமா தோரணவத்துவில் பசேனதிக்கு விடை சொன்னது சம்யுத்தம் 44.1இல் இருக்கிறது, தம்மதின்னாவுக்கு மஜ்ஜிம நிகாயம் 44 முழுக்க. உப்பலவண்ணாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் அவருக்கு மாணவியர் இருந்தது சுள்ளவக்கத்தில் தெரிகிறது. அவருடைய மாணவி ஒருத்தி விநயம் கற்க ஏழு ஆண்டு புத்தரின் பின்னே போகிறாள், கற்பது அத்தனையும் மறந்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்க ஆசானின் பின்னே அலைய முடியுமா என்று கவலைப்படுகிறாள். அதிலிருந்துதான் பிக்குகள் பிக்குணிகளுக்கு விநயம் கற்பிக்கலாம் என்ற அனுமதி. மறந்தது மாணவி, உப்பலவண்ணா மறந்ததாக எழுதிவிடாதீர்கள், அப்படியும் பார்த்திருக்கிறேன்.

நெய்விளக்கு:
விளக்குச் சுடர் பற்றி யாரும் சொல்லவில்லையே. அட்டகதைப்படி அவர் அருகநிலை (முழு விடுதலை) அடைந்தது அப்படித்தான். துறவு பூண்டு சில நாளில் உபோசத நாளில் சங்கம் கூடும் மண்டபத்தைக் கவனிக்கும் முறை அவருக்கு வந்தது. விளக்கேற்றி, மண்டபத்தைப் பெருக்கி, சுடரையே குறியாகப் பிடித்து, நின்றபடியே திரும்பத் திரும்பப் பார்த்து, தேஜோ கசிணத்தில் (தீயைக் குறியாகக் கொண்ட தியானத்தில்) ஜானம் எனும் ஆழ்ந்த ஒருமுகநிலை எழுப்பி, அதையே அடியாக வைத்து முடித்தார்.

இதைப் படித்துவிட்டு "அகல் விளக்கைப் பார்த்தால் போதும், இதுதான் உப்பலவண்ணா தியானம்" என்று எழுதுகிறவர்கள் புத்தகோசரின் தியான நூலான விசுத்திமார்க்கத்தின் ஐந்தாம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். விளக்குச் சுடர், அடுப்பு, பிச்சைப் பாத்திரம் சுடும் இடம், காட்டுத்தீ என்று எங்கே பார்த்தாலும் குறி தோன்றுவது முற்பிறப்பில் பயின்றவருக்குத்தான் என்கிறது. அதற்கு எடுத்துக்காட்டு சித்தகுத்த தேரர், அதுவும் உபோசத மண்டப விளக்கு.

மற்றவர்கள் கசிணம் தயாரிக்க வேண்டும். வைரம் பாய்ந்த, பசை உள்ள மரத்தைப் பிளந்து, உலர்த்தி, துண்டு போட்டு, மரத்தடியிலோ கொட்டகையிலோ பாத்திரம் சுடுவதற்கு அடுக்குவது போல அடுக்கித் தீ மூட்டுவது. பாயிலோ தோலிலோ துணியிலோ ஒரு சாண் நான்கு விரல் அளவுக்குத் துளை போட்டு முன்னே தொங்கவிடுவது. மண் கசிணத்துக்குச் சொன்னபடியே அமர்வது, அதாவது இரண்டரை முழ தூரம், ஒரு சாண் நான்கு விரல் உயரமுள்ள இருக்கை. கீழே விறகையும் மேலே புகையையும் விட்டு, நடுவில் அடர்ந்த சுடரை மட்டும் பார்ப்பது. நீலமா மஞ்சளா என்று நிறத்தை ஆராயக்கூடாது, வெப்பத்தையும் எண்ணக்கூடாது. "தேஜோ, தேஜோ" என்ற பெயர் மட்டும்.

பார்த்துப் பழகியதும் மனத்தில் முதலில் வருகிற கற்கைக் குறியில் சுடர் அறுந்து அறுந்து விழும். தயாரிக்காத நெருப்பில் பிடித்தவருக்குக் கொள்ளி, தணல், சாம்பல், புகை எல்லாம் குறையாகத் தெரியும். அதன்பின் தெளிந்து வருகிற எதிர்க்குறி அசையாது, வானில் தொங்கவிட்ட சிவப்புக் கம்பளத் துண்டு போல, பொன் விசிறி போல, பொன் தூண் போல. ஆடுகிற எதையும் எதிர்க்குறி என்று கொள்வதுதான் இங்கே வழக்கமான பிழை.

இருத்தி அதற்கும் அப்பால். பன்னிரண்டாம் அத்தியாயம் எட்டுக் கசிணத்தில் எட்டு சமாபத்திகளையும் (தியான அடைவுகளையும்) 14 வகையில் அடக்கிப் பழகிய பிறகே அதைத் தொடங்கச் சொல்கிறது. தேஜோ கசிணம் தருவதாகச் சொல்லப்படுவன புகைவது, எரிவது, தணல் மழை, தெய்வக்கண்ணால் காண ஒளி உண்டாக்குவது போன்றவை. தேர் படைப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

கரிசல்வெளி:
சக்கரவர்த்தி வேடம்? சங்காசியத்தில் புத்தர் தேவலோகத்திலிருந்து இறங்கியபோது முதலில் வணங்க அவர் சக்கரவர்த்தி உருக்கொண்டார் என்பது பாலியிலும் உண்டா?

ஏட்டுமூலை:
உருவம் பாலியிலும் உண்டு, இடம் வேறு. தம்மபத அட்டகதையில் சாவத்தியில் யமக அற்புதத்துக்கு (புத்தர் தீயும் நீரும் ஒருசேரத் தோற்றுவித்ததற்கு) முன் பலரும் "நான் செய்து காட்டுகிறேன்" என்று முன்வருகிறார்கள். உப்பலவண்ணா 36 யோசனைப் பரிவாரத்தோடு சக்கரவர்த்தியாக வந்து வணங்குவேன் என்கிறார். உன் ஆற்றல் தெரியும், இந்த மாலை உனக்காகக் கட்டியதல்ல என்று புத்தர் மறுக்கிறார். 229ஆம் பாட்டின் தேரையும் உரை அந்த நாளோடுதான் சேர்க்கிறது. வடமரபில் அதே உருவம் சங்காசியத்துக்குப் போய், செய்தே காட்டியதாகிறது. 399இல் சீனத்திலிருந்து புறப்பட்ட பாகியான் சங்காசியத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்கிறார். காந்தாரச் சிற்பங்களில் ஏணியடியில் மண்டியிட்ட உருவத்தை அவராகவே அடையாளம் காண்கிறார்கள். கூட்டத்தை விலக்கி அவர் முன்னே வந்தாலும், உண்மையில் முதலில் கண்டது வெறுமையை உணர்ந்து தம் இடத்திலேயே இருந்த பிக்கு சுபூதி என்று அந்த மரபு ஒரு குத்தும் வைக்கிறது. அதை ஏன் ஒரு பிக்குணியின் மேல் வைத்தார்கள் என்பது தனி இழைக்குரிய கேள்வி.

தேவதத்தன் அடித்துக் கொன்றது சீனத்தில் உள்ள மகாபிரஞ்ஞாபாரமிதை உரையிலும் மூலசர்வாஸ்திவாத விநயத்திலும். அவர் கண்டிக்க, அவன் முட்டியால் அடித்தான் என்று வரும். சுள்ளவக்கத்தில் தேவதத்தன் வரலாறு ஏழாம் பகுதி முழுக்க ஓடுகிறது. இது அதில் இல்லை.

தெற்குவாசல்:
படம் தேடும்போது கவனம். இலங்கைத் தளங்களில் "உப்பலவண்ண" என்று தேடினால் வருகிற நீலநிற ஆண் தெய்வம் இந்தத் தேரி அல்ல. மகாவம்சம் 7ஆம் அத்தியாயத்தில் தேவர்கோன் சக்கன் இலங்கையின் காவலை ஒப்படைத்த தேவன் அவன். விஜயனின் ஆட்கள் மேல் நீர் தெளித்துக் கையில் நூல் கட்டியவன். பிறகு திருமாலாக அடையாளம் கொள்ளப்பட்டான். தேவேந்திரமுனையில் அவனுக்கிருந்த கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்தார்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு.

ஆம்பல்:
வரிசை இப்படி வைக்கிறேன்: நிகாயம் சொல்லும் அளவுகோல், விநயத்தின் மூன்று நிகழ்ச்சிகள், 12 பாட்டுகளின் பிரிப்பு, அட்டகதை வாழ்க்கை, வடமரபு. பிறந்த ஊரை முதல் வரியில் போடாமல் நான்காம் பகுதிக்குத் தள்ளுகிறேன். சரிதானே?

விநயப்பொதி:
சரி. விநய நிகழ்ச்சிகளில் ஆடையை முதலில், குடிசையைப் பிறகு வையுங்கள். மாணவி கடைசியில்.